கதவு முழுசாகத் திறக்க வேண்டியவர்கள்

ஒரு காரின் ஓட்டுநர் பக்கக் கதவு திறக்கிறது. ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து சக்கர நாற்காலியின் சட்டத்தைத் தூக்கி, தன் மடிக்கு மேலாகக் கொண்டுவந்து, வெளியே தரையில் வைக்கிறார். அப்புறம் பின்சீட்டிலிருந்து ஒரு சக்கரம். அதைச் சட்டத்தில் செருகும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம். இன்னொரு சக்கரம். மேலே ஒரு மெத்தை. நாற்காலியைக் கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் சாய்வாக இழுத்து நிறுத்தி, பிரேக் போட்டு, ஒரு கையைச் சீட்டிலும் மறு கையை நாற்காலியிலும் ஊன்றி, உடம்பைத் தூக்கி மாற்றிக்கொள்கிறார். கடைசியில் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து மிதிபலகையில் வைக்கிறார். பழகியவருக்கு இது சில நிமிட வேலை. ஆனால் கதவு பாதிதான் திறக்கும் என்றால் முதல் படியே நடக்காது.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் சாமான்களோடு திரும்பி வருகிறார். காருக்குப் பக்கத்தில் தரையில் குறுக்குக் கோடுகள் போட்ட பட்டை ஒன்று இருந்தது. இப்போது அதன்மேல் வேறொரு கார் நிற்கிறது. “ரெண்டு நிமிஷ வேலைதான்” என்று நிறுத்திவிட்டுப் போன யாரோ ஒருவருடையது. இவரால் இனி காருக்குள் ஏற முடியாது. மறுபக்கக் கதவு வழியாக ஏறி நகர்ந்து உட்காரலாமே என்று நடக்க முடிகிறவர்களுக்குத் தோன்றும். நடுவில் கியர், அதற்கு அந்தப்பக்கம் ஸ்டியரிங், இங்கே அசையாத இரண்டு கால்கள். வெயிலோ மழையோ, அந்த இரண்டு நிமிஷக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கடைக்குள் திரும்பிப் போய், வண்டி எண்ணை ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சூப்பர்மார்க்கெட் வாசலில் ஒதுக்கிவைத்த பார்க்கிங் கட்டங்களை யார் பயன்படுத்தலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது ஒரு போட்டியாக மாறிவிடுகிறது. கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு இல்லாத கஷ்டமா? எட்டு மாதக் கர்ப்பிணி நடக்க வேண்டுமா? எண்பது வயதுக்காரர் என்ன பாவம் செய்தார்? கால் முறிந்து கட்டுப் போட்டவருக்கு இடம் கிடையாதா? யாருடைய துன்பம் பெரியது என்று தராசு பிடிக்கத் தொடங்கினால் முடிவே வராது. எனக்கு இதைவிடப் பயனுள்ளதாகப் படுகிற கேள்வி வேறு: அந்தக் கட்டம் உண்மையில் எதைக் கொடுக்கிறது? அது கிடைக்காவிட்டால் வந்தவர் என்ன செய்வார்?

முதல் கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. அகலம், அருகாமை, உத்தரவாதம். நாம் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, ஒரே நீலப் பலகையின் கீழ் வைத்துவிட்டோம். சண்டையில் பெரும்பாதி அங்கேதான் தொடங்குகிறது.

அகலம் வேறு, அருகாமை வேறு

சாதாரணக் கட்டத்தின் அளவைப் பாருங்கள். பிரிட்டனில் வழக்கமான கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். கார்களோ வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டே போகின்றன. ஐரோப்பாவில் விற்பனையான புதிய கார்களின் சராசரி அகலம் 2018-ல் 177.8 செ.மீ. 2023-ன் முதல் பாதியில் அது 180.3 செ.மீ. ஆகிவிட்டது, அதாவது இரண்டு வருடத்துக்கு ஒரு செ.மீ. என்ற வேகம். கண்ணாடிகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. 2.4 மீட்டர் கட்டங்களில் இரண்டு கார்கள் சரியாக நடுவில் நின்றாலும் இடையில் மிஞ்சுவது 60 செ.மீ.தான். அதற்குள் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே வருகிறோம். நமக்கு அது ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான்.

சக்கர நாற்காலிக்கு அந்த 60 செ.மீ. போதவே போதாது. அதனால்தான் கட்டத்தின் பக்கத்தில் கோடு போட்ட பட்டை. அமெரிக்க விதிப்படி அந்தப் பட்டை குறைந்தது 60 அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆறு சிறப்புக் கட்டத்திலும் ஒன்று, பக்கவாட்டில் சாய்தளம் இறக்கும் வேன் நிற்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். பிரிட்டனில் பட்டை 1.2 மீட்டர். ஆஸ்திரேலியத் தரநிலை இன்னும் தாராளம்: கட்டம் 2.4 மீட்டர், பக்கத்தில் பகிர்ந்துகொள்ளும் வெற்றிடம் இன்னொரு 2.4 மீட்டர், அதில் யாரும் வண்டியை நுழைத்துவிடாதபடி நடுவில் ஒரு குட்டைத் தூண். அந்தத் தூணை வைக்க முடிவு செய்தவர்களுக்கு மனிதர்களைப் பற்றித் தெரிந்திருக்கிறது. பெயின்ட் கோட்டை மிதித்துப் போக யாருக்கும் தயக்கமில்லை. தூணில் இடித்தால் சொந்த பம்பர் நசுங்கும்.

இந்தப் பட்டை வீணாகக் கிடக்கும் காலி இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்துகிறார்கள். சாமானை ஏற்றி முடித்ததும் ட்ராலியை அங்கே தள்ளிவிட்டுப் போகிறார்கள். நாற்காலியில் இருப்பவருக்கு அந்தப் பட்டைதான் கதவு, படி, நடைபாதை எல்லாம்.

அருகாமை வேறு கதை. இதய பலவீனம் உள்ளவர், நுரையீரல் நோயால் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குபவர், முழங்கால் தேய்ந்து கைத்தடியோடு நடப்பவர், இவர்களில் பலருக்குக் கதவு பாதி திறந்தாலே போதும். அவர்களுக்குக் கஷ்டம் தூரத்தில் இருக்கிறது. அதிலும் சூப்பர்மார்க்கெட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. போகும்போது வெறும் கை, திரும்பும்போது பாரம். உள்ளே வரிசை வரிசையாக நடந்து, பில் போட நின்று களைத்த பிறகுதான் அந்தத் திரும்பும் நடை வருகிறது. ஒரு கையில் தடி இருந்தால் ட்ராலியைத் தள்ள ஒரே கைதான் மிச்சம். அந்த ட்ராலி ஒரு பக்கமாக இழுக்கும். வாசலிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிறுத்தினால் அவர் நடக்க வேண்டியது 100 மீட்டர் இல்லை. போக 100, வர 100, கடைக்குள் சுற்றியது தனி, ட்ராலியைத் திருப்பி விடுவது தனி.

மூன்றாவதான உத்தரவாதத்தைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். “எப்பப் பார்த்தாலும் அந்த இடம் காலியாத்தானே கிடக்கு?” என்று கேட்காதவர் குறைவு. ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க விதிப்படி 100 கார் நிற்கும் இடத்தில் 4 சிறப்புக் கட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு கட்டமும் பாதி நேரம் உரியவர்களாலேயே நிரம்பியிருக்கிறது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கும் ஒரே நேரத்தில் நிரம்பியிருக்கும் வாய்ப்பு 16-ல் 1. வாரம் ஒருமுறை கடைக்கு வருபவர் வருடத்தில் மூன்று தடவை இடமில்லாமல் திரும்புவார். இப்போது அங்கே நிறுத்த அரசு தரும் அனுமதி அட்டை இல்லாத இரண்டு பேர் இரண்டு கட்டங்களைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் இரண்டு. இரண்டும் நிரம்பியிருக்கும் வாய்ப்பு 4-ல் 1. அதே மனிதர் இப்போது வருடத்தில் 13 தடவை திரும்புவார். உண்மையில் நிலைமை இதைவிட மோசம்தான், ஏனென்றால் உரியவர்கள் எல்லாரும் அந்த மிச்ச இரண்டுக்குள் நெருக்கியடிப்பார்கள். பாதி நேரம் காலியாகத் தெரிகிற இடங்களை வைத்தே இந்தக் கணக்கு. வீட்டிலிருந்து கிளம்பும்போதே “போனால் இடம் இருக்கும்” என்று நம்ப வைப்பதற்கு அந்தக் காலியிடம் தேவைப்படுகிறது. நம்பிக்கை போய்விட்டால் கடைக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள்.

அட்டை யாருக்குச் சொந்தம்

நீலத்தில் வெள்ளையாக ஒரு சக்கர நாற்காலி. உலகம் முழுக்கத் தெரிந்த இந்தச் சின்னத்தை 1968-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஒரு வடிவமைப்புப் பட்டறையில் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி வரைந்தார். அவர் வரைந்ததில் வெறும் நாற்காலிதான் இருந்தது. மேலே தலைபோல ஒரு வட்டத்தைச் சேர்த்து அதை மனிதராக்கியவர் கார்ல் மோண்டான். அடையாளமாக இது அற்புதமாக வேலை செய்தது. ஆனால் ஒரு தவறான எண்ணத்தையும் கூடவே விதைத்தது: நாற்காலியில் வராதவர் அங்கே நிறுத்தக்கூடாது என்று.

பிரிட்டனில் 1970-ல் வந்த சட்டத்தைத் தொடர்ந்து 1971-ல் ஆரஞ்சு அட்டைத் திட்டம் தொடங்கியது. 2000-ல் அது ஐரோப்பாவின் பொது வடிவத்துக்கு மாறி நீல அட்டை ஆனது. தொடக்கத்திலிருந்தே நடப்பதில் உள்ள சிரமம்தான் அதன் மையம். 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று விதி விரிந்தது. வண்டிகள் ஓடும் இடத்தில் திடீரென்று கையை உதறிவிட்டு ஓடிவிடக்கூடிய ஆட்டிசம் உள்ள பிள்ளை, திறந்த வெளியில் நடக்கும்போதே கடுமையான பதற்றத்துக்கு உள்ளாகிறவர், இப்படிப்பட்டவர்களுக்காக. “கால் நல்லாத்தானே இருக்கு?” என்ற முணுமுணுப்பு அப்போது நிறையவே எழுந்தது. ஆபத்தும் ஒரு வகைத் தூரம்தான் என்று அந்த விதியை எழுதியவர்கள் புரிந்துகொண்டார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

அட்டை விஷயத்தில் மக்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. பிரிட்டனில் அட்டை மனிதருக்குச் சொந்தம், காருக்கு இல்லை. உரியவர் யாருடைய காரில் போனாலும் அட்டையை எடுத்துப்போகலாம், டாக்ஸியில்கூட. அதே நேரம், அப்பா வீட்டில் படுத்திருக்க, மகன் அவர் அட்டையை வைத்துக்கொண்டு கடைக்கு வந்தால் அது தவறு. “அப்பாவுக்காகத்தானே சாமான் வாங்குறேன்” என்பது மனதுக்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நடக்கப் போவது மகனின் கால்கள். முறைகேடாகப் பயன்படுத்தினால் இங்கிலாந்தில் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

சிங்கப்பூர் இந்த இடத்தில் நுணுக்கமாக யோசித்திருக்கிறது. அங்கே அட்டை இரண்டு வகை. மாற்றுத்திறனாளியே வண்டி ஓட்டினால் முதல் வகை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தலாம். அவர் பயணியாக வந்து வேறொருவர் ஓட்டினால் இரண்டாம் வகை, 60 நிமிடம்தான். காரணம் தெளிவு. ஓட்டுநர் நடக்கக்கூடியவர் என்றால், பயணியை இறக்கி உள்ளே சேர்த்துவிட்டு வண்டியை வேறிடத்துக்கு மாற்ற முடியும். தானே ஓட்டி வந்தவருக்கு அந்த வழி கிடையாது. அகலமான கட்டங்கள் கொஞ்சம்தான் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொண்டு எழுதிய விதி இது.

இரண்டு வகை வரிசை

அகலத்தையும் அருகாமையையும் பிரித்துவிடலாம் என்று சொல்வது காகிதத்தில் போட்ட திட்டம் இல்லை. ஜப்பானில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சாகா மாகாணம் 2006-ல் ஓர் அனுமதி அட்டை முறையைக் கொண்டுவந்தது. மாற்றுத்திறனாளிகளோடு தள்ளாமை உள்ள முதியவர்கள், கர்ப்பிணிகள், அடிபட்டுத் தேறிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் காலக்கெடு ஒவ்வொருவருக்கும் வேறு. கால் எலும்பு கூடும்வரை ஒருவருக்கு, பிரசவத்துக்குப் பிறகு குறிப்பிட்ட காலம்வரை இன்னொருவருக்கு. இந்த முறை மற்ற மாகாணங்களுக்கும் பரவியது.

பரவியதும் ஒரு சிக்கல் வந்தது. அட்டை வைத்திருப்போர் பெருகவே, கைத்தடியோடு வருபவர்கள் அகலக் கட்டங்களை நிரப்பிவிட, சக்கர நாற்காலியில் வருபவருக்கு இடமில்லை. அவர்கள் செய்த தீர்வு எளிமையானது. 3.5 மீட்டர் அகலக் கட்டம் நாற்காலிக்காரர்களுக்கு. அதை ஒட்டியே, வாசலுக்குப் பக்கத்தில், சாதாரண அகலத்தில் இன்னும் சில கட்டங்கள், நடக்கத்தான் சிரமம், அகலம் வேண்டாம் என்பவர்களுக்கு. இந்த இரண்டாவது வகைக்குக் கூடுதல் நிலம் தேவையில்லை. இருக்கிற கட்டத்தின் பலகையை மாற்றினால் போதும். நாற்காலி வடிவச் சின்னம் ஒன்றை மட்டும் நட்டுவிட்டு, அதற்குக் கீழே எல்லாரையும் அடித்துக்கொள்ள விடுகிற கடைகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

இதே கண்ணோடு, குழந்தைகளோடு வருபவர்களுக்காகச் சில கடைகள் ஒதுக்கும் கட்டத்துக்கு வருவோம். கைக்குழந்தையைக் கார் சீட்டிலிருந்து எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, இரண்டு பக்கப் பட்டைகளையும் கழற்றி, தூங்குகிற தலை பின்னால் சாய்ந்துவிடாமல் ஒரு கையால் தாங்கி, பிள்ளையைத் தோளில் போட்டபடி பின்வாங்கி வெளியே வர வேண்டும். தூக்குக் கூடை மாதிரியான சீட்டாக இருந்தால் அதன் அகலத்துக்கே 60 செ.மீ. இடைவெளி இழுபறிதான். பக்கத்துக் காரின் கதவில் கீறல் விழுமோ என்ற பயம் வேறு. அதற்குள் மூன்று வயது மூத்தது தானாகவே மறுபக்கம் இறங்கி, பின்னோக்கி வந்துகொண்டிருக்கும் ஒரு வண்டியின் பின்னால் நிற்கும். அந்த உயரத்தில் உள்ள பிள்ளை ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாது.

தேவை உண்மையானது, ஆபத்தும் உண்மையானது. ஆனால் என்ன தேவை என்று பாருங்கள்: கதவு திறக்க அகலம், வண்டி குறுக்கே வராத ஒரு நடைபாதை. வாசலை ஒட்டிய இடம் அந்தப் பட்டியலில் இல்லை. நடக்கத் தெம்புள்ள பெற்றோர் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, பிள்ளையைத் தள்ளுவண்டியிலோ இடுப்பிலோ வைத்துக்கொண்டு பாதுகாப்பான பாதையில் வர முடியும். ஆகவே குடும்பக் கட்டங்களை வாசலை விட்டுக் கொஞ்சம் தள்ளி, நடைபாதையின் ஓரத்திலேயே, ட்ராலி நிறுத்தும் கூண்டுக்குப் பக்கத்தில் போடுவதுதான் முறை என்று நினைக்கிறேன். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பிள்ளையில்லாமல் வந்து அங்கே நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோர் வருவது வாசல் பக்கம் என்பதற்காகத்தான். தள்ளி வைத்துவிட்டால் அவர்களுக்கு அங்கே வேலையில்லை.

சட்டமும் இந்த இரண்டு கட்டங்களையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பிரிட்டனில் குழந்தைக் கட்டத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் கிடையாது. அது கடை தானாகக் கொடுக்கும் வசதி. விதியை மீறினால் தனியார் இடத்தில் நிறுத்தியதற்கான ஒப்பந்த மீறல் என்ற அளவில் கட்டணச் சீட்டு வரலாம். மாற்றுத்திறனாளிக் கட்டத்துக்குப் பின்னால் 2010-ன் சமத்துவச் சட்டம் நிற்கிறது. சேவை தருகிறவர் நியாயமான ஏற்பாடுகளைச் செய்தே ஆக வேண்டும் என்பது அதன் கட்டளை. அமெரிக்காவில் 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கடையின் சொந்த பார்க்கிங்குக்கும் பொருந்தும். அதனால் குழந்தைக் கட்டம் நிரம்பிவிட்டது என்று நீலக் கட்டத்தில் நிறுத்துவது ஒரு வசதிக்காக ஒரு உரிமையை எடுத்துக்கொள்வதாகும். பிள்ளை அழுகிறது என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் வேண்டாம்.

பிள்ளைக்கு எத்தனை வயதுவரை? பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை கார் சீட் கட்டாயம். பல கடைகள் இந்த 12-ஐயே எல்லையாக எடுத்துக்கொள்கின்றன. எனக்கு இது அதிகமாகப் படுகிறது. பத்து வயதுப் பிள்ளை தானே பெல்ட்டைக் கழற்றி, பக்கவாட்டில் நழுவி இறங்கிவிடும். பெரியவர் உள்ளே குனிந்து தூக்க வேண்டிய வயதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும். நாலைந்து வயதோடு அது பெரும்பாலும் முடிந்துவிடும். மாற்றுத்திறன் உள்ள பிள்ளையென்றால் வயதுக்கணக்கே பொருந்தாது, அதற்கு அட்டை இருக்கிறது.

கர்ப்பிணிகளை இந்தக் கட்டத்திலிருந்து விலக்கும் கடைகளின் வாதம், “பிள்ளை கூட இருக்க வேண்டும்” என்ற பலகை வாசகம். கடைசி மாதங்களில் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவிலிருந்து வயிற்றோடு வெளியே வர எவ்வளவு கதவு திறக்க வேண்டும் என்று அந்த வாசகத்தை எழுதியவர் பார்க்கவில்லை போலிருக்கிறது. அகலம்தான் அளவுகோல் என்றால் அவர்கள் தாராளமாக அங்கே நிறுத்தலாம். பலகையில் ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்துபோகிற விஷயம்.

கால் முறிவு, இடுப்பு அறுவை சிகிச்சை போன்ற தற்காலிக நிலைமைகளில் நாட்டுக்கு நாடு வித்தியாசம். கலிபோர்னியாவில் நிரந்தர அட்டை நீலம், தற்காலிக அட்டை சிவப்பு. சிவப்புக்கு ஆறு மாதம்வரைதான் ஆயுள். நிறத்திலேயே காலாவதி தெரிகிற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்று மாதம் ஊன்றுகோலில் இருப்பவருக்கு அந்த மூன்று மாதமும் நாற்காலிக்காரரின் அதே கஷ்டம்தான்.

முதுமைக்கு மட்டும் என் பதில் கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். வயது தனியாக ஒரு தகுதி ஆகக்கூடாது. எழுபத்தைந்தில் தினமும் நடைப்பயிற்சி போகிறவர் இருக்கிறார், நாற்பதில் பத்தடி நடக்க முடியாதவரும் இருக்கிறார். வயதோடு வரும் மூட்டு வலியும் மூச்சுத் திணறலும் அட்டைக்குத் தகுதியாக இருக்கின்றன. அட்டை கேட்கக் கூச்சப்படும் முதியவர்கள்தான் அதிகம். “நான் என்ன மாற்றுத்திறனாளியா?” என்று கோபித்துக்கொள்வார்கள். வாசலுக்குப் பக்கத்தில் சாதாரண அகலத்தில், பலகையில் நாற்காலிக்குப் பதில் கைத்தடி போட்ட கட்டங்கள் இருந்தால் அந்தக் கூச்சமும் குறையும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்சாரக் கார் கட்டம் சார்ஜ் ஏற்றுவதற்கான இடம்; மின்சாரக் கார் வைத்திருப்பதற்கான பரிசு அல்ல. சார்ஜ் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். சார்ஜர்களைச் சக்கர நாற்காலியில் இருந்தபடி எட்டிப் பிடிக்கிற உயரத்தில், சுற்றிலும் இடம் விட்டு அமைப்பதற்கென்று பிரிட்டனில் 2022-ல் ஒரு தனித் தரநிலையே வந்தது. அது தேவைப்பட்ட காரணம், பல சார்ஜர்கள் உயரமான மேடைமேல், தூண்களுக்கு நடுவே நடப்பட்டிருந்ததுதான். பெண்களுக்கான கட்டங்களைச் சியோல் நகரம் 2009-ல் தொடங்கி, 2023-ல் குடும்பக் கட்டங்களாக மாற்ற ஆரம்பித்தது. கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர் என்று தேவையை வைத்து அங்கே பலகை எழுதினார்கள். பெண்களின் பாதுகாப்புதான் காரணம் என்றால், இரவு வெளிச்சமும் காவலும் எல்லாக் கட்டத்துக்கும் வேண்டியவை.

யார் கேட்பது

விதி எழுதுவது எளிது. அட்டையில்லாத வண்டி நிற்கும்போது யார் கேட்பது என்பதுதான் கடினம். கடை ஊழியர் கேட்கத் தயங்குகிறார், வாடிக்கையாளர் அல்லவா. கேட்க வேண்டிய கடை ஒதுங்கிக்கொள்வதால் அந்த வேலையைப் பக்கத்தில் நிற்கிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் தவறான ஆளின் மேல் போய் விழுகிறது.

என் பெரியம்மாவுக்கு நுரையீரல் சுருங்கும் நோய். பார்த்தால் ஒன்றும் தெரியாது, நன்றாக உடுத்தி, நிமிர்ந்து நடப்பார். அட்டை வைத்திருக்கிறார். ஒருநாள் நாங்கள் வண்டியிலிருந்து இறங்கியதும் ஒருவர் வந்து, “நல்லாத்தானே நடக்குறீங்க, இது யாருக்கான இடம்னு தெரியாதா?” என்று கேட்டார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அட்டை இருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து நாங்கள் வெளியே வந்தபோது பெரியம்மா இரண்டு தடவை நின்றார், ஒருமுறை தூணைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை ட்ராலியின் கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு. அதைப் பார்க்க அந்த மனிதர் அங்கே இல்லை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். நாற்காலிக்காரர்களுக்காகத்தான் பேசினார். ஆனால் வேறொருவரின் உடம்பை வாசலில் வைத்து விசாரிக்கும் உரிமை வழியில் போகிறவருக்குக் கிடையாது. அட்டை இருக்கிறதா என்று கண்ணாடியைப் பார்க்கலாம். இல்லையென்றால் உள்ளே போய்ச் சொல்லலாம். அவ்வளவுதான் செய்யத் தகுந்தது.

மிச்ச வேலை கடையுடையது. கோடு அழிந்த பட்டைக்கு மறுபடி பெயின்ட் அடிப்பது, பட்டையின் முனையில் தூண் நடுவது, ட்ராலிகளை மணிக்கு ஒருமுறை அங்கிருந்து எடுப்பது, புகார் சொன்னால் உடனே வண்டி எண்ணை அறிவிப்பது, ஊழியர் சங்கடப்படாமல் சொல்ல ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுப்பது: “இந்த இடத்துக்கு அட்டை வேணுங்க, நீங்க வண்டியை மாத்துறவரைக்கும் உங்க ட்ராலியை நான் பார்த்துக்குறேன்.” இதில் எதற்கும் பெரிய செலவில்லை. சட்டப்படி வரைந்த நாலு கட்டங்களோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிற கடைகளில், அந்த நாலும் மாலையில் யாருக்கோ போய்விடுகின்றன.

பெரியம்மா இப்போதும் அந்தக் கடைக்குப் போகிறார். செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்த பத்தாவது நிமிடம். அந்த நேரத்தில் நான்கு கட்டமும் காலியாக இருக்கும், கேட்கவும் ஆள் இருக்காது.